தொடர்நாவலின் இரண்டாம் பாகத்துக்கு வாசகர் கட்டுரை எழுதுவது எப்படி?

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் என்பதால், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பாடசாலைகளும் பொது நூலகங்களும் வாசிப்பை ஒட்டிய போட்டிகளையும் கலந்துரையாடல்களையும் நடத்தும் காலம் அது. உயர்தர வகுப்பில் படிப்பவர்களும் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாகப் போனவர்களும் ஆங்கிலத்தில் வாசித்த இளையோர் நாவல்களைப் பற்றித் தமிழில் எழுத விரும்புவது நல்ல மாற்றம். அவர்கள் விரும்பி எடுக்கும் நூல்களில், எதிர்காலத்துக் கொடுங்கோல் அரசொன்றைக் கற்பனை செய்யும் டிஸ்டோப்பிய நாவல்கள் முக்கியமானவை. முதற்பாகத்தைப் பற்றி நன்றாக எழுதக்கூடியவர்களும் இரண்டாம் பாகத்துக்கு வந்ததும் தடுமாறுகிறார்கள். மூன்று பக்கம் கதைச்சுருக்கம், அதன் கீழே ‘முதற்பாகம் அளவுக்கு இல்லை’ என்று ஒரு வரி, அத்துடன் கட்டுரை முடிந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் எழுத்துத் திறன் போதாமை அல்ல என்பது என் எண்ணம். இரண்டாம் பாகத்திடம் எதைக் கேட்பது என்று தெரியாததே காரணம். முதற்பாகத்திடம் ‘இந்த உலகம் எப்படிப்பட்டது, இதில் ஒருத்தி எப்படித் தப்பினாள்’ என்று கேட்டால் போதும். இரண்டாம் பாகத்தைத் திறக்கும்போது அந்த உலகம் நமக்குப் பழகிவிட்டது. அவள் தப்பியதும் தெரியும். ஆகவே அதனிடம் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும்: முதற்பாகத்தின் முடிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தால், கதைச்சுருக்கம் தானாகச் சுருங்கும். சொல்ல வேண்டியது தானாக வளரும்.

சுசான் கொலின்ஸ் எழுதிய ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையின் இரண்டாம் பாகமாகிய ‘கச்சிங் ஃபயர்’ என்ற நாவலை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். முதற்பாகம் 2008இலும் இது 2009இலும் மூன்றாம் பாகம் 2010இலும் வெளிவந்தன. கெப்பிட்டல் என்ற தலைநகர் ஆளும் ஒரு கற்பனை நாட்டில், மாவட்டங்களிலிருந்து சீட்டெடுத்துப் பிள்ளைகளை ஒரு களத்தில் இறக்கி, ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை மோதவிடும் ஆண்டுப் போட்டியைச் சுற்றியது கதை. கதைநாயகி கட்னிஸும் பீட்டா என்ற இளைஞனும் பன்னிரண்டாம் மாவட்டத்திலிருந்து அதற்கு அனுப்பப்படுகிறார்கள். பலர் வாசித்திருப்பதால் இதை வைத்து விளக்குவது எளிது. ஆனால் கேள்வி இந்த நூலுக்கு மட்டும் உரியதன்று. வெரோனிக்கா ரொத்தின் ‘இன்சர்ஜென்ட்’ நாவலில், முதற்பாகத்தின் இறுதியில் தன் நண்பன் ஒருவனைச் சுட நேர்ந்த கதைநாயகி டிரிஸ், இரண்டாம் பாகத்தில் துப்பாக்கியைக் கையில் எடுக்கவே முடியாமல் நடுங்குகிறாள். அங்கே விலை கொடுப்பவள் அவளேதான்.

வாசிக்கத் தொடங்கும் முன்

முதற்பாகத்தின் கடைசி இரண்டு அத்தியாயங்களை மீண்டும் வாசியுங்கள். நினைவை நம்பி இரண்டாம் பாகத்துக்குள் இறங்க வேண்டாம், ஏனெனில் ஈராண்டுக்கு முன் வாசித்த முடிவை நாம் பெரும்பாலும் நம் மனதுக்கு ஏற்றபடி இனிமையாக்கி வைத்திருப்போம். ‘ஹங்கர் கேம்ஸ்’ முடிவை ‘கட்னிஸும் பீட்டாவும் வென்று ஊர் திரும்பினார்கள்’ என்று நினைவில் வைத்திருப்பவர் திரும்ப வாசிக்கும்போது அங்கே வேறொன்றைக் காண்பார். ஒருவர் மட்டுமே உயிரோடு திரும்பலாம் என்ற விதியை, இருவரும் நச்சுப் பழங்களை வாயில் போடத் தயாராகி உடைக்கிறார்கள். அதை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்க்கிறது. ஆட்சிபீடமாகிய கெப்பிட்டல் அவமானப்படுகிறது. பீட்டாவோ, தன்மீது அவள் காட்டிய காதலில் ஒரு பகுதி உயிர் பிழைப்பதற்கான நடிப்பு என்று அறிந்து மனம் உடைகிறான். அது வெற்றியாகத் தோன்றினாலும் அடைக்கப்படாத கடன்கள் நிறைந்த முடிவு. அந்தக் கடன்களைக் கொப்பியில் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டாம் பாகத்தை வாசித்து முடித்த பின் அந்தப் பக்கத்துக்குத் திரும்பி, எது தீர்க்கப்பட்டது, எது கூடியது, எதை ஆசிரியர் கைவிட்டுவிட்டார் என்று பார்க்கலாம்.

திரைப்படத்தை முதலில் பார்த்தவர்கள் இன்னொரு முன்னெச்சரிக்கையும் எடுக்க வேண்டும். பிரான்சிஸ் லோரன்ஸ் இயக்கி 2013இல் வெளிவந்த படத்தில், ஜனாதிபதி ஸ்னோவும் போட்டியை நடத்தும் புளூட்டார்க்கும் தனியே கலந்து பேசும் காட்சிகள் உண்டு. நாவலில் அவை இல்லை, இருக்கவும் முடியாது. கதை முழுவதையும் கட்னிஸே சொல்கிறாள், அவள் இல்லாத அறைக்குள் வாசகரும் நுழைய இயலாது. படத்தில் பார்த்ததை நூலில் வாசித்ததாக எழுதினால், நூலை வாசித்தவர் முதல் பக்கத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

வாசிக்கும்போது

அடிக்கோடு இடுவதற்கு மூன்று காரணங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: வாசிப்பை நிறுத்திவிட்டு மூச்செடுத்த இடம், முதற்பாகத்தில் நடந்தது மீண்டும் நடக்கும் இடம், ஏற்கெனவே சொன்ன விதியொன்றை ஆசிரியர் மாற்றும் இடம். அழகான வரி என்பதற்காக மட்டும் கோடு இட வேண்டாம். நூலகப் புத்தகமாக இருந்தால் பென்சிலாலும் கோடு வேண்டாம். பக்க எண்ணையும் இரண்டு சொல்லையும் கொப்பியில் குறித்தால் போதும்.

நான் நிறுத்திய இடம் பதினோராம் மாவட்டத்துக் காட்சி. வெற்றிப் பயணத்தில் கட்னிஸும் பீட்டாவும் மாவட்டம் மாவட்டமாக அழைத்துச் செல்லப்படுகிறார்கள். பதினோராம் மாவட்டத்தில் மேடைக்கு எதிரே, போட்டியில் இறந்த ரூ என்ற சிறுமியின் குடும்பமும் திரெஷ் என்ற இளைஞனின் குடும்பமும் நிற்கின்றன. முதற்பாகத்தில் அந்த மாவட்டம் தனக்கு அனுப்பிய பாணுக்காக கட்னிஸ் நன்றி சொல்கிறாள். கூட்டத்திலிருந்து ஒரு முதியவர், ரூ பாடும் நான்கு சுர மெட்டைச் சீட்டியடிக்கிறார். உடனே கூட்டம் முழுவதும் மூன்று விரல்களை உதட்டில் வைத்து அவளை நோக்கி உயர்த்துகிறது. மரியாதைக்காக அவர்கள் செய்தது அவ்வளவுதான். உள்ளே போன கட்னிஸ், மறந்து வைத்த பூக்களை எடுக்கத் திரும்பி வருகிறாள். அப்போது காவற்படையினர் அந்த முதியவரைப் படிகளின் மேலே இழுத்து வந்து, முழந்தாளிட வைத்து, எல்லோருக்கும் முன்னால் சுடுவதைக் காண்கிறாள்.

இந்தக் காட்சியைப் பற்றி எழுதும் ஒருவர் ‘நெஞ்சை உருக்கியது’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடக்கூடாது. காட்சியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நன்றி சொல்வது முதற்பாகத்தில் கட்னிஸின் மிக நல்ல குணம். இங்கே அதே நன்றி ஒருவரின் சாவுக்குக் காரணமாகிறது. அவள் தவறு எதையும் செய்யவில்லை, அவரும் செய்யவில்லை. நல்ல சொல்லும் கொல்லும் நிலைக்கு ஓர் அரசு மக்களைக் கொண்டுவந்துவிட்டது என்பதை ஆசிரியர் விளக்கவுரை எதுவும் இல்லாமல் ஒரு பூங்கொத்தை மறக்கச் செய்து காட்டுகிறார். மறக்காமல் எடுத்திருந்தால் அவள் அதைக் கண்டிருக்கமாட்டாள். விலை கொடுப்பவர் யார் என்ற கேள்விக்கு இந்நூல் தரும் முதற் பதில், பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு முதியவர். உங்கள் கட்டுரைக்கு இத்தகைய ஒரு காட்சி போதும். நான்கு காட்சிகளை நாலு வரியில் தொட்டுப்போவதைவிட, ஒன்றை எடுத்து அரைப் பக்கம் எழுதுங்கள்.

இனி, மீண்டும் நடப்பவற்றைப் பற்றி. இந்நாவலைக் குறைசொல்பவர்கள் வழக்கமாக இரண்டைச் சொல்வார்கள்: முற்பகுதி மெதுவாகப் போகிறது, பிற்பகுதி பழைய போட்டியையே திரும்பச் சொல்கிறது. நூலில் 27 அத்தியாயங்கள், ஒன்பது ஒன்பதாக மூன்று பகுதிகள் உள்ளன. போட்டிக்களம் மூன்றாம் பகுதியில்தான் வருகிறது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு களத்துக்கு வெளியே நடக்கிறது. இதைக் குறையாக எழுத விரும்புபவர் எழுதலாம், ஆனால் அந்த இரண்டு பங்கில் என்ன இருக்கிறது என்று காட்டிய பிறகு எழுத வேண்டும். என்னைக் கேட்டால் நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முதியவரின் சாவும், வீட்டுக்கே வந்து மிரட்டும் ஸ்னோவும், எட்டாம் மாவட்டத்திலிருந்து தப்பி வந்த இரு பெண்கள் காட்டும், கட்னிஸ் அணிந்த பதக்கத்திலுள்ள மொக்கிங்ஜே பறவையின் முத்திரை குத்திய உலர்ந்த ரொட்டியும் அங்கேதான் உள்ளன. தான் அறியாமலே தன் உருவம் பிறர் கையில் அடையாளமாகிப் போனதை கட்னிஸ் அங்கே மெல்ல மெல்ல உணர்கிறாள்.

போட்டி மீண்டும் வருவதைப் பற்றியும் அப்படித்தான். அது வருவதைக் காட்டிலும், எந்த விதி மாறி வருகிறது என்பதே கவனிக்கத்தக்கது. இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை சிறப்புப் போட்டி. 75ஆவது போட்டிக்கு, முன்பு வென்று உயிரோடு இருப்பவர்களிலிருந்தே ஆட்களை எடுக்க வேண்டும் என்று அறிவிக்கப்படுகிறது. வென்றவர்க்கு வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பு என்ற ஒரே வாக்குறுதியையும் அரசு திரும்ப எடுத்துக்கொள்கிறது. முதற்பாகத்தில் பிள்ளைகள் முன்பின் அறியாதவர்களுடன் மோதினார்கள். இங்கே ஆண்டுக்கணக்காக ஒருவரையொருவர் அறிந்தவர்கள் மோத வேண்டும், அவர்களில் மக்ஸ் என்ற மூதாட்டியும் ஒருவர். வென்றவர்களையே மீண்டும் களத்துக்கு அனுப்பும் அரசு, வெற்றி என்று ஒன்று இங்கே இல்லை என்பதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறது. மறுபடி நடப்பது ஆசிரியரின் சோம்பலா, திட்டமா என்று தீர்மானிக்க வாசகருக்கு இருக்கும் அளவுகோல் இதுதான்: இரண்டாம் முறை நடப்பது முதல்முறை நடந்ததன் பொருளை மாற்றுகிறதா?

முடிவில் வெளிப்படும் சதித்திட்டம் பற்றியும் நியாயமாக எழுத வேண்டும். தன்னைச் சுற்றியிருந்த பலர் தன்னைக் காப்பாற்றத் திட்டமிட்டிருந்தது கட்னிஸுக்குக் கடைசி அத்தியாயத்தில்தான் தெரிகிறது. ‘ஆசிரியர் ஏமாற்றிவிட்டார்’ என்று எழுதுமுன் பின்னோக்கிப் புரட்டுங்கள். விருந்தில் புளூட்டார்க் தன் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார், அதில் பறவையின் உருவம் தோன்றி மறைகிறது. களம் பின்னர் ஒரு கடிகாரமாகவே அமைகிறது. களத்தில் வந்து விழும் மூன்றாம் மாவட்டத்துப் பாண்களின் எண்ணிக்கை 24. அது, மீட்கும் நேரம் மூன்றாம் நாள், இருபத்துநான்காம் மணி என்ற செய்தி. அவளுக்கு முன்னால் எல்லாம் இருந்தன. நமக்கு முன்னாலும் இருந்தன. இப்படித் தேடிப் பார்த்தபின்னும் மனம் ஒப்பாவிட்டால், அதையும் காரணத்தோடு எழுதுங்கள்.

நம் ஊரை எங்கே கொண்டுவருவது

இந்தப் பகுதியை நான் மிகவும் யோசித்து எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயர்களைக் குடத்திலிட்டுச் சீட்டெடுக்கும் கதையை நியூயோர்க்கில் இருந்து வாசிப்பவரும் கிழக்கிலங்கையில் இருந்து வாசிப்பவரும் ஒரே மாதிரி வாசிக்க முடியாது. பிள்ளைகள் கட்டாயமாகப் போருக்குக் கொண்டுபோகப்பட்ட காலம் இங்கே பல குடும்பங்களுக்கு வீட்டுக்குள் நடந்த வரலாறு. அந்த நினைவு உங்கள் வாசிப்புக்குள் வருவது இயல்பு. வராதது போல எழுதினால் கட்டுரை வெறுமையாக இருக்கும். ஆயினும் சில வரம்புகளை வைத்துக்கொள்ளுங்கள். நாவலின் நாட்டையும் நம் நாட்டையும் ஒன்றுக்கொன்று பெயர் மாற்றி வைத்து, இது இன்னார், அது இன்னார் என்று பொருத்தாதீர்கள். கட்டுரைக்கு வேண்டும் என்பதற்காக வீட்டுப் பெரியவர்களிடம் போய்ப் பழைய துயரத்தைக் கிளறாதீர்கள். அயலவர் ஒருவரின் இழப்பை, அவர் பெயர் இல்லாவிட்டாலும் ஊரார் அடையாளம் காணும்படி எழுதாதீர்கள். உங்களுக்கு நேர்ந்ததை அல்லது உங்களுக்குத் தோன்றியதை ஒரு பத்தியில் எழுதிவிட்டு நூலுக்குத் திரும்புங்கள்.

ஒப்பிடுவதாக இருந்தால் வேற்றுமை தெரியும்படி ஒப்பிடுங்கள். அநீதி செய்த அரசை எதிர்த்து நிற்கும் பெண், தீ என்ற இரண்டையும் கண்டதும் நம் பக்கத்து வாசகருக்குக் கண்ணகி நினைவுக்கு வருவாள். வைகாசியில் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் குளிர்த்திச் சடங்குக் காலத்தில் கண்ணகி வழக்குரை பாடக் கேட்டு வளர்ந்தவருக்கு அது வராமல் இராது. ஆனால் ‘கட்னிஸ் நவீன கண்ணகி’ என்று எழுதுவதில் பயனில்லை. கண்ணகி தன் வழக்கைத் தானே எடுத்துச் சென்று, சிலம்பை உடைத்து, அரசன் வாயிலிருந்தே குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கிறாள். தீயை மூட்டுவதும் அவள் விருப்பமே. கட்னிஸோ யாரையும் எதிர்க்க விரும்பாமல், தாயையும் தங்கையையும் காப்பாற்றினால் போதும் என்று ஸ்னோ சொன்னபடி நடிக்கவும் இணங்குகிறாள். அவள் உடுத்த உடையில் தீயை வைப்பவர் சின்னா என்ற உடை வடிவமைப்பாளர். இந்த வேற்றுமையைக் கண்டு எழுதும்போதுதான், தான் தேர்ந்தெடுக்காத புரட்சிக்கு அடையாளமாக்கப்படும் ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் அவதி நமக்குத் துலங்கும்.

இன்னொரு காட்சி நம் மாவட்டங்களில் கலந்து பேசத்தக்கது. களத்துக்குப் போவதற்கு முதல் நாள் இரவு, நேர்காணல் மேடையில், 24 பேரும் கைகோத்து நிற்கிறார்கள். மாவட்டங்கள் ஒன்றுக்கொன்று பகையாக இருப்பதில்தான் அந்த அரசே நிலைத்திருக்கிறது என்பதால், உடனே விளக்குகள் அணைக்கப்படுகின்றன. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்திருக்கும் வாசிப்பு வட்டம் ஒன்று இந்தப் பக்கத்தை உரத்து வாசித்துப் பேசினால், இரு சமூகங்களுக்கும் இடையே வன்முறை வெடித்த 1990ஆம் ஆண்டைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு துயரம் இருப்பதை மறைக்காமலே, பேச்சு நல்ல இடத்துக்குப் போகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கட்டுரையை அந்தப் பேச்சுக்குப் பிறகு எழுதினால் இன்னும் நல்லது.

எழுதும்போது

முதல் வாக்கியத்தில் நூலின் பெயரும் உங்கள் கண்டுபிடிப்பும் சேர்ந்து வர வேண்டும். ‘இரண்டாம் பாகம் விறுவிறுப்பாக இருந்தது, கட்னிஸின் துணிச்சல் என்னைக் கவர்ந்தது’ என்று தொடங்கினால், அதை எந்த நூலுக்கும் எழுதலாம். ‘முதற்பாகத்தில் தங்கைக்குப் பதிலாக கட்னிஸ் முன்வந்தாள், கச்சிங் ஃபயரில் அவளுக்குப் பதிலாக முன்வர ஒருவரும் இல்லை, ஏனெனில் பன்னிரண்டாம் மாவட்டத்தில் உயிரோடு இருக்கும், முன்பு வென்ற ஒரே பெண் அவள்’ என்று தொடங்கினால், இரு பாகங்களும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்துவிடுகின்றன, வாசிப்பவர் அடுத்த வரிக்குப் போவார்.

கதைச்சுருக்கம் கட்டுரையின் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். முடிவைச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூத்துக் களரியில் அபிமன்யு மாளப் போகிறான் என்று தெரிந்துதான் சனம் விடியும்வரை இருந்து பார்க்கிறது. எப்படி என்பதற்காக இருக்கிறதே தவிர என்ன என்பதற்காக அல்ல. நல்ல நாவலும் அதைத் தாங்கும். ஆயினும் முதன்முறை வாசிப்பவரின் திகைப்பைப் பறிக்க நமக்கு உரிமையில்லை. ஆகவே முடிவைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டுமானால், ‘இதற்கு மேல் நூலை வாசித்தவர்களுக்கு’ என்று ஒரு வரி எழுதி, கட்டுரையின் பின்பாதியில் வையுங்கள். இந்த வழிகாட்டியில் பீட்டாவுக்கும் பன்னிரண்டாம் மாவட்டத்துக்கும் இறுதியில் என்ன ஆகிறது என்று நான் எழுதாததும் அதனால்தான்.

பெயர்களை ஒருமுறை எப்படி எழுதினீர்களோ கடைசிவரை அப்படியே எழுதுங்கள். ஒரு பக்கத்தில் கட்னிஸ், மறுபக்கத்தில் காட்னிஸ் என்று வந்தால் வாசிப்பவர் இருவர் என்று நினைப்பார். மூல நூல் நிகழ்காலத்தில் சொல்லப்படுவதால், கதையைச் சொல்லும் இடங்களை நிகழ்காலத்தில் எழுதுவது பொருத்தம். மேற்கோள் ஒன்றிரண்டு போதும். அவற்றை நீங்களே தமிழாக்கினீர்கள் என்பதைக் குறிப்பிடுங்கள்.

குறையைச் சொல்லத் தயங்க வேண்டாம். ஊரில் வேட்டைத் தோழனாகிய கேல், பீட்டா இருவருக்கும் இடையில் கட்னிஸ் தடுமாறும் பக்கங்கள் சில இடங்களில் நீண்டுவிட்டதாகவே எனக்கும் பட்டது. ஆனால் ‘காதல் பகுதி சலிப்பு’ என்று எழுதாமல், எந்த அத்தியாயத்தில், எதை அது தள்ளிப்போட்டது என்று எழுதுங்கள். அப்படித் தேடும்போது, அந்தக் காதல் ஸ்னோவின் ஆணையால் மேடையேற்றப்படுகிறது என்பதும், எது நடிப்பு, எது உண்மை என்று அவளுக்கே தெரியாமற்போவது அந்த அரசு செய்த கொடுமைகளில் ஒன்று என்பதும் கண்ணில் படலாம். குறை பாதியாகக் குறையும். மீதிப் பாதி நியாயமான குறையாக நிற்கும்.

மூன்றாம் பாகத்தை நீங்கள் ஏற்கெனவே வாசித்திருந்தால், அதில் வரும் நிகழ்வுகளைக் கொண்டு இரண்டாம் பாகத்தைத் தீர்ப்பிட வேண்டாம். வாசித்திருக்காவிட்டால், என்ன நடக்கும் என்று ஊகிக்கவும் வேண்டாம். கொப்பியில் எழுதி வைத்த கடன்களின் பக்கத்தை எடுத்து, இரண்டாம் பாகம் புதிதாக ஏற்றிய கடன்களை அதன் கீழே எழுதுங்கள். அவற்றுள் மிகப் பெரியது எது என்று நீங்கள் கருதுவதைக் காரணத்தோடு சொல்வதே உங்கள் கடைசிப் பத்தியாகட்டும்.